அணு எஞ்சின் நின்றது, அணு உலை தொடர்கிறது: விண்வெளி அணுசக்தியில் என்ன நடக்கிறது?

2023 ஜனவரியில் நாசாவும் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பாவும் சேர்ந்து டிராக்கோ என்ற திட்டத்தை அறிவித்தன. அணு உலையால் இயங்கும் ராக்கெட் எஞ்சினை 2027க்குள் விண்வெளியில் ஓட்டிக் காட்டுவது அதன் இலக்கு. 2025ல் அந்தத் திட்டம் ரத்தானது. ஆனால் அதே 2025 ஆகஸ்டில், குறைந்தது 100 கிலோவாட் மின்சாரம் தரும் அணு உலையை 2030 வாக்கில் நிலவுக்கு அனுப்பத் தயாராக வேண்டும் என்று நாசாவின் அப்போதைய தற்காலிகத் தலைவர் ஷான் டஃபி உத்தரவிட்டார்.

ஒன்றை வேண்டாம் என்றவர்கள் இன்னொன்றுக்கு ஏன் அவசரப்படுகிறார்கள்? அணு எஞ்சின் சரிப்படாது என்று முடிவாகிவிட்டதா? ராக்கெட் கிளம்பும்போது வெடித்தால் உள்ளே இருக்கும் உலை என்ன ஆகும்? மூன்றுமே நியாயமான கேள்விகள். பதில் புரிய வேண்டுமானால் அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

## ஒரே பெயரில் நான்கு கருவிகள்

செய்திகளில் எல்லாமே "விண்வெளி அணுசக்தி" என்று வந்துவிடுகின்றன. உண்மையில் இவை நான்கு வேறு வேறு கருவிகள்.

1. கதிரியக்க மின்கலம். புளூட்டோனியம்-238 தானாகவே சிதைந்து சூடாகிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டை நேரடியாக மின்சாரமாக மாற்றுகிறார்கள். ஓர் அணு பிளந்து அடுத்த அணுவைப் பிளக்க வைக்கும் சங்கிலித் தொடர்வினை இதில் கிடையாது. நினைத்தபோது அணைக்கவோ கூட்டவோ முடியாது. 1977ல் கிளம்பிய வாயேஜர் கலங்கள் இதில்தான் ஓடுகின்றன. செவ்வாயில் இருக்கும் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் 4.8 கிலோ புளூட்டோனியம் டையாக்சைடு இருக்கிறது. தொடக்கத்தில் அது கொடுத்த மின்சாரம் சுமார் 110 வாட். கலத்தைத் தள்ளுகிற வேலையை இது செய்வதில்லை.

2. மின்சாரம் தரும் அணு உலை. இதில் யுரேனியம்-235 அணுக்கள் பிளக்கின்றன, தொடர்வினை நடக்கிறது, தேவைப்படும்போது நிறுத்தலாம். நிலவுக்குப் போகவிருப்பது இந்த வகை.

3. அணு வெப்ப எஞ்சின். உலையின் சூட்டில் ஹைட்ரஜனைக் காய்ச்சி, பின்பக்கக் குழல் வழியாக வெளியே பாய்ச்சி, அந்த விசையில் முன்னே போவது. டிராக்கோ இந்த வகை.

4. அணு மின் உந்துகை. உலையிலிருந்து மின்சாரம் எடுத்து, அதைக் கொண்டு அயனி எஞ்சினை ஓட்டுவது. அதாவது இரண்டாவது கருவியோடு ஓர் எஞ்சினையும் சேர்த்தால் நான்காவது.

அணுகுண்டுகளைப் பின்னால் வெடித்து, அந்த அடியில் கலத்தைத் தள்ளும் யோசனையும் ஒருகாலத்தில் இருந்தது. 1958ல் தொடங்கிய ஓரியன் திட்டம் அது. விண்வெளியில் அணு வெடிப்பு கூடாது என்ற 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அதற்கு வழியில்லாமல் போய், 1965ல் முடிந்தது. இங்கே அதை விட்டுவிடலாம்.

## ராக்கெட்டின் கணக்கு

விண்வெளியில் பிடித்துத் தள்ள எதுவும் கிடையாது. கலம் தன்னிடம் இருப்பதைப் பின்னால் வீசித்தான் முன்னே போக முடியும். வீசப்படும் பொருளுக்கு உந்துபொருள் என்று பெயர். அது எவ்வளவு வேகமாக வெளியேறுகிறதோ, அவ்வளவுக்கு அதைக் குறைவாகச் சுமந்தால் போதும். 1903ல் ரஷ்ய அறிவியலாளர் சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாடு சொல்வது இதைத்தான்.

எண்களில் பார்ப்போம். பூமியின் சுற்றுப்பாதையில் 100 டன் எடையுள்ள கலம் நிற்கிறது. அதன் வேகத்தை வினாடிக்கு 6 கி.மீ. கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

- மிகச் சிறந்த ரசாயன எஞ்சினில், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிந்த வாயு வினாடிக்குச் சுமார் 4.4 கி.மீ. வேகத்தில் வெளியேறும். 100 டன்னில் 74 டன் உந்துபொருளுக்கே போய்விடும். மிச்சம் 26 டன்.
- அணு வெப்ப எஞ்சினில் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு, சுமார் 8.8 கி.மீ. உந்துபொருள் 49 டன் போதும். மிச்சம் 51 டன்.

கலத்தின் உடல், எஞ்சின், மனிதர்கள், உணவு எல்லாம் அந்த மிச்சத்துக்குள்தான் அடங்க வேண்டும். அணு எஞ்சின் மேல் இருக்கிற ஆசைக்குக் காரணம் இந்த 26க்கும் 51க்கும் உள்ள வித்தியாசம்.

இதை இரண்டு விதமாகச் செலவழிக்கலாம். அதிக எடையைக் கொண்டுபோகலாம், அல்லது அதே எடையைச் சீக்கிரம் கொண்டுபோகலாம். மனிதர்கள் போகும்போது இரண்டாவதுதான் பெரிது. கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் உள்ளே இருந்த கருவி அளந்த கதிர்வீச்சு ஒரு நாளைக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட். போக 180 நாள், வர 180 நாள் என்றால் ஏறக்குறைய 650 மில்லிசீவர்ட். ஒரு விண்வெளி வீரர் தன் பணிக்காலம் முழுவதற்கும் பெறலாம் என்று நாசா வைத்திருக்கும் வரம்பே 600தான். ஒருவழிப் பயணம் 120 நாளாகக் குறைந்தால் கணக்கு 430 அருகில் வந்துவிடும். விண்வெளிக் கதிர்வீச்சிலிருந்து ஆட்களைக் காப்பாற்ற அணு உலையின் உதவி தேவைப்படுகிறது என்பது கேட்க முரணாக இருக்கலாம். ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

## யுரேனியத்தின் பலம் எங்கே போய்விடுகிறது?

ஒரு கிலோ யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் கிடைக்கும் ஆற்றல், ஒரு கிலோ ஹைட்ரஜன்-ஆக்சிஜன் கலவை எரிந்து தருவதைப்போல் சுமார் 60 லட்சம் மடங்கு. அப்புறம் ஏன் வெளியேறும் வேகம் வெறும் இரண்டு மடங்கு? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், அணு எஞ்சின் பற்றி வரும் செய்திகளில் பாதியை நாமே எடைபோட்டுவிடலாம்.

வாயு வெளியேறும் வேகத்தை முக்கியமாக இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று அதன் வெப்பநிலை, இன்னொன்று அதன் மூலக்கூறு எடை. வெப்பநிலையை மூலக்கூறு எடையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், வேகம் அதற்கு ஏற்ற விகிதத்தில் இருக்கும்.

வெப்பநிலையில் அணு எஞ்சின் ரசாயன எஞ்சினைவிடப் பின்தங்கியே நிற்கிறது. ரசாயன எஞ்சினின் அறையில் 3,300 கெல்வினுக்கு மேல் போகும். அங்கே வெப்பம் வாயுவுக்குள்ளேயே பிறக்கிறது. சுவரைத் தனியாகக் குளிர்வித்துக்கொள்ளலாம், நடுவே வாயு எவ்வளவு கொதித்தாலும் பரவாயில்லை. அணு எஞ்சினில் வெப்பம் பிறப்பது திடமான எரிபொருள் தண்டுகளில். அவற்றிலிருந்து ஹைட்ரஜனுக்குச் சூடு ஏற வேண்டுமானால், தண்டு ஹைட்ரஜனைவிடச் சூடாக இருந்தாக வேண்டும். தண்டு உருகிவிட்டால் எஞ்சின் இல்லை. அதனால் வாயு 2,700 கெல்வின் பக்கத்தில் நின்றுவிடுகிறது.

முழு லாபமும் மூலக்கூறு எடையில்தான் இருக்கிறது. ரசாயன எஞ்சினிலிருந்து வெளியேறுவது பெரும்பாலும் நீராவி. கலந்திருக்கும் உபரி ஹைட்ரஜனையும் சேர்த்தால் சராசரி மூலக்கூறு எடை சுமார் 14. அணு எஞ்சினில் எதையும் எரிக்க வேண்டியதில்லை, ஆக்சிஜன் வேண்டாம். சுத்தமான ஹைட்ரஜனை மட்டும் அனுப்பலாம், அதன் மூலக்கூறு எடை 2. யுரேனியம் நமக்கு வாங்கித் தருவது அதிகச் சூடு அல்ல, லேசான வாயுவைப் பயன்படுத்தும் சுதந்திரம்.

ஆகவே 60 லட்சம் மடங்கில் பெரும்பகுதியை நம்மால் தொடவே முடிவதில்லை. தடையாக நிற்பது பொருள்களின் உருகுநிலை. இதைத் தாண்ட யுரேனியத்தைத் திரவமாகவோ வாயுவாகவோ வைத்துக்கொள்ளும் யோசனைகள் உண்டு. அப்படி ஓர் எஞ்சின் இதுவரை ஓடியதில்லை. செவ்வாய்க்குச் சில வாரங்களில் போய்விடலாம் என்று செய்தி வந்தால், பேசப்படுவது திட எரிபொருள் எஞ்சினா, இந்தக் காகித வடிவமைப்புகளா என்று முதலில் பார்க்க வேண்டும்.

## ஹைட்ரஜனுக்குக் கொடுக்கும் விலை

ஹைட்ரஜன் லேசானது என்பதே அடுத்த தலைவலி. திரவ ஹைட்ரஜன் ஒரு கன மீட்டருக்கு 71 கிலோதான் இருக்கும். முன்பு பார்த்த 49 டன்னுக்கு ஏறக்குறைய 690 கன மீட்டர் தொட்டி வேண்டும். ரசாயனக் கலத்தின் 74 டன்னோ சுமார் 200 கன மீட்டரில் அடங்கிவிடும். எடை குறைகிறது, தொட்டி மூன்று மடங்குக்கு மேல் பெருக்கிறது. தொட்டியின் எடையும் அந்த 51 டன்னில்தான் கை வைக்கும்.

அதோடு இந்தத் திரவத்தை மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் மாதக்கணக்கில் காக்க வேண்டும். கொஞ்சம் சூடு புகுந்தாலும் கொதித்து ஆவியாகும். செவ்வாயிலிருந்து திரும்பக் கிளம்பும் நாள்வரை அது மிஞ்சியிருக்க வேண்டுமே! அவ்வளவு நீண்ட காலம் விண்வெளியில் திரவ ஹைட்ரஜனை இழப்பில்லாமல் யாரும் சேமித்துக் காட்டியதில்லை.

எஞ்சினை நிறுத்துவதும் சட்டென்று முடிகிற வேலை அல்ல. தொடர்வினையை நிறுத்தியதும் உலையின் வெப்பம் பூஜ்யமாகாது. பிளவில் உண்டான பொருள்கள் சிதைந்துகொண்டே இருப்பதால், தொடக்கத்தில் முழுத் திறனில் 6 சதவீத அளவுக்கு வெப்பம் வந்துகொண்டிருக்கும். மெல்ல மெல்லத்தான் அது தணியும். அதுவரை குளிர்விக்கவும் ஹைட்ரஜனைச் செலவழிக்க வேண்டும்.

## நெவாடாவில் ஓடிய எஞ்சின்கள்

அணு வெப்ப எஞ்சின் வெறும் கனவு என்று நினைப்பவர்களுக்கு இந்த வரலாறு தெரிய வேண்டும். அமெரிக்கா 1955ல் ரோவர் என்ற பெயரில் வேலையைத் தொடங்கியது. கிவி என்ற வரிசையின் முதல் உலை 1959 ஜூலையில் நெவாடா பாலைவனத்தில் ஓடியது.

வழி சுலபமாக இல்லை. 1962ல் ஓடிய உலைகளில், ஹைட்ரஜன் பாயும் வேகத்தில் தண்டுகள் அதிர்ந்து உடைந்தன. எரிபொருள் துண்டுகள் குழல் வழியாக வெளியே தெறித்தன. தண்டுகளில் இருந்த கிராஃபைட்டைச் சூடான ஹைட்ரஜன் அரித்துத் தின்றது. அதைத் தடுக்க நையோபியம் கார்பைடு பூச்சு பூசினார்கள். பூச்சும் விரிசல் விட்டது, அதையும் திருத்தினார்கள். 1967ல் ஓர் உலை 1,100 மெகாவாட்டில் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஓடியது. 1968ல் ஃபீபஸ்-2ஏ என்ற உலை 4,000 மெகாவாட்டைத் தாண்டியது. 1969ல், இந்த உலைகளைப் பறக்கும் எஞ்சினாக மாற்றும் நெர்வா திட்டத்தின் எக்ஸ்இ எஞ்சின் 28 முறை கிளப்பி நிறுத்தப்பட்டது.

1973 ஜனவரியில் எல்லாம் முடிந்தது. எஞ்சின் தோற்றதால் அல்ல. அப்போலோவுக்குப் பிறகு செவ்வாய்க்கு மனிதர்களை அனுப்பும் எண்ணம் கைவிடப்பட்டது. போக இடமில்லாதபோது எஞ்சின் எதற்கு என்றாகிவிட்டது. சோவியத் யூனியனும் ஆர்டி-0410 என்ற தன் எஞ்சினை இன்றைய கஜகஸ்தானில் இருக்கும் செமிபாலடின்ஸ்க்கில் சோதித்தது. அதுவும் பறக்கவில்லை.

அந்தச் சோதனைகளில் ஒரு விஷயத்தை இன்று திரும்பச் செய்ய முடியாது. உலையைக் கடந்து வந்த ஹைட்ரஜனை, அதில் கலந்த கதிரியக்கத் துகள்களோடு, அப்படியே வானத்தில் விட்டார்கள். இன்று அந்த வாயு முழுவதையும் பிடித்து, வடிகட்டி, சுத்தம் செய்ய வேண்டும். நூற்றுக்கணக்கான மெகாவாட் எஞ்சினுக்கு அப்படிப்பட்ட சோதனைக்கூடம் கட்டுவதே பெரிய செலவு.

## மின் உந்துகை: வெப்பத்தை எங்கே கொட்டுவது?

அயனி எஞ்சின் வேறு வழியில் போகிறது. செனான் போன்ற வாயுவின் அணுக்களுக்கு மின்னூட்டம் கொடுத்து, மின்புலத்தால் வீசுகிறது. சூட்டை நம்பாததால் உருகுநிலைத் தடை இங்கே கிடையாது. வெளியேறும் வேகம் வினாடிக்கு 30 கி.மீ. கூட வரும். செரஸ் என்ற குறுங்கோளுக்குப் போன டான் கலம் அப்படித்தான் பயணம் செய்தது.

குறை உந்துவிசையில். டானின் எஞ்சின் கொடுத்த அதிகபட்ச விசை 90 மில்லிநியூட்டன், உள்ளங்கையில் இரண்டு காகிதத் தாள்கள் அழுத்துகிற அளவு. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விடாமல் தள்ளித்தான் வேகம் சேர்க்க வேண்டும். விசையைக் கூட்ட மின்சாரம் வேண்டும். டான் சூரியத் தகடுகளால் ஓடியது. வியாழன் அருகில் சூரிய ஒளி பூமியில் இருப்பதில் 27ல் ஒரு பங்கு, சனியில் நூறில் ஒரு பங்கு. அங்கே கனமான கலங்களை வேகமாக ஓட்ட உலையைத்தான் நாட வேண்டும்.

உலை சரி, அதன் கழிவு வெப்பம்? உலையின் வெப்பத்தில் கால்வாசிதான் மின்சாரமாகும் என்று வைத்துக்கொண்டால், 1 மெகாவாட் மின்சாரத்துக்கு 3 மெகாவாட் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். பூமியில் காற்றும் தண்ணீரும் அதை வாங்கிக்கொள்ளும். வெற்றிடத்தில் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற்ற முடியும், அதற்கு ரேடியேட்டர் பரப்பு வேண்டும். 500 கெல்வினில் இருக்கும் ரேடியேட்டர் என்றால் 900 சதுர மீட்டருக்கு மேல் தேவை. 800 கெல்வினுக்கு ஏற்றினால் 150 சதுர மீட்டருக்குள் வந்துவிடும், ஏனென்றால் கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. ஆனால் ரேடியேட்டரைச் சூடாக வைத்தால் உலையை அதைவிடச் சூடாக வைக்க வேண்டும், அல்லது கிடைக்கும் மின்சாரம் குறையும். இந்த இழுபறிதான் அணு மின் உந்துகையின் உயிர்நாடி. உலையைவிட ரேடியேட்டரே இங்கே கடினமான பகுதி என்பேன்.

## ஏவும்போது விபத்து நடந்தால்?

பொதுவாக இருக்கும் பயம், ராக்கெட் வெடித்தால் அணுகுண்டு வெடித்ததுபோல் ஆகும் என்பது. படிப்படியாகப் பார்த்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது தெரியும்.

1. உலை அணுகுண்டாக வெடிக்காது. அதற்கு வேண்டிய எரிபொருள் செறிவும் அமைப்பும் அதில் இல்லை.

2. இன்னும் ஓடாத உலையில் இருப்பது புது யுரேனியம். யுரேனியம்-235ன் அரை ஆயுள் 70 கோடி ஆண்டு. அவ்வளவு மெதுவாகச் சிதைவதால் அதன் கதிரியக்கம் மிகக் குறைவு. புளூட்டோனியம்-238ன் அரை ஆயுள் 88 ஆண்டுக்கும் குறைவு, அதனால் அதன் கதிரியக்கம் மிக அதிகம். ஆகவே கிளம்பும் நேரத்தில், ஓடாத உலையைவிட நாம் பல பத்தாண்டுகளாக அனுப்பிவரும் மின்கலங்களுக்குத்தான் கூடுதல் பாதுகாப்பு உறை வேண்டும்.

3. உலை கடலில் விழுந்தால் நீர் உள்ளே புகுந்து நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும். மெதுவான நியூட்ரான்கள் யுரேனியத்தை எளிதாகப் பிளக்கும் என்பதால் தொடர்வினை தானாகத் தொடங்கிவிட வாய்ப்புண்டு. நியூட்ரானை விழுங்கும் பொருள்களை உள்ளே பூட்டிவைத்து இதைத் தடுக்க வேண்டும். இது உண்மையான ஆபத்து, வடிவமைப்பிலேயே தீர்க்க வேண்டியது.

4. உலை ஓடத் தொடங்கிய பிறகு கதை மாறுகிறது. பிளவுப் பொருள்கள் சேர்ந்துவிடுவதால் அது பூமிக்குத் திரும்பவே கூடாது.

நான்காவதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதைக் காஸ்மோஸ்-954 காட்டியது. கடலில் கப்பல்களைக் கண்காணிக்க சோவியத் யூனியன் அணு உலை பொருத்திய செயற்கைக்கோள்களைத் தாழ்வான சுற்றுப்பாதையில் 30க்கும் மேல் ஏவியது. வேலை முடிந்ததும் உலையை உயரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். இந்தச் செயற்கைக்கோளில் அது நடக்கவில்லை. 1978 ஜனவரி 24 அன்று அது கனடாவின் வடமேற்கில் விழுந்து, கதிரியக்கத் துண்டுகள் பனிப்பரப்பில் நூற்றுக்கணக்கான கி.மீ. சிதறின. தேடிப் பொறுக்கிய செலவுக்காகக் கனடா சுமார் 60 லட்சம் கனடிய டாலர் கேட்டது, கிடைத்தது 30 லட்சம்.

1992ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற கோட்பாடுகள் இந்த அனுபவத்திலிருந்து வந்தவை. செயல்படும் சுற்றுப்பாதையையோ கோள்களுக்கான பாதையையோ அடையும்வரை உலையில் தொடர்வினையைத் தொடங்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. தாழ்வான பாதையில் ஓட்டினால், முடிந்ததும் போதிய உயரத்துக்கு ஏற்றிவிட வேண்டும். அமெரிக்கா 1965ல் ஏவிய ஸ்னாப்-10ஏ உலை இன்னும் சுமார் 1,300 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 43 நாள் ஓடி நின்ற அது கீழே வர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

## டிராக்கோ ஏன் நின்றது?

டார்ப்பா சொன்ன முக்கியக் காரணம் ஏவுதல் செலவு. திட்டம் உருவானபோது சுற்றுப்பாதைக்கு ஒவ்வொரு கிலோவையும் அனுப்புவது மிகவும் விலை உயர்ந்த காரியம். மறுபடி பயன்படும் ராக்கெட்டுகள் வந்து அந்த விலை இறங்கிக்கொண்டே போனதால், கூடுதலாக 25 டன் சாதாரண உந்துபொருளை அனுப்புவது ஓர் அணு எஞ்சினை உருவாக்குவதைவிட மலிவாகத் தெரியத் தொடங்கியது. தரையில் முழுத் திறனில் சோதிக்க முடியாத சிக்கல் வேறு. இயற்பியல் மாறவில்லை, கணக்கின் மறுபக்கம் மாறியது.

மறுபடி பயன்படும் ராக்கெட் நிலவின் இரவைக் குறைக்காது. நிலவில் பெரும்பாலான இடங்களில் இரவு பூமிக் கணக்கில் 14 நாள் நீளும். தென்துருவத்தில் நீர்ப்பனி இருக்கும் பள்ளங்களில் சூரியனே படுவதில்லை. அவ்வளவு நாளுக்கும் மின்சாரத்தைப் பேட்டரியில் சேமித்து ஒரு தளத்தை நடத்துவது மிகக் கடினம். அங்கே உலைக்கு மாற்று அநேகமாக இல்லை.

நிலவு உலையைச் செய்வதும் ஒப்பீட்டில் எளிது. 2,700 கெல்வின் வேண்டாம், அதில் பாதிக்கும் குறைவான வெப்பநிலையே போதும். ஹைட்ரஜன் தண்டுகளை அரிக்காது, ஏனென்றால் ஹைட்ரஜனே கிடையாது. எதையும் வெளியே வீசாததால் மூடிய வெற்றிட அறைக்குள் தரையிலேயே சோதிக்கலாம். 2018 மார்ச்சில் நெவாடாவில் கிரஸ்டி என்ற 1 கிலோவாட் ரக உலையை 28 மணி நேரம் அப்படி ஓட்டிப் பார்த்தார்கள். நிலவில் 100 கிலோவாட் என்பது அதிலிருந்து பெரிய தாவல்தான், 2030 என்ற தேதி எனக்கு மிக நெருக்கமாகப் படுகிறது. ஆனாலும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது தெரிந்த பாதை.

எஞ்சினை விட்டுவிட்டு உலைக்குப் போனதைப் பின்வாங்கலாக நான் பார்க்கவில்லை. பழுதுபார்க்க ஆள் இல்லாத இடத்தில் வருடக்கணக்கில் ஓடும் டர்பைன், மடித்து அனுப்பி அங்கே விரிக்கும் ரேடியேட்டர், யுரேனியம்-235ன் பங்கு 20 சதவீதத்துக்குக் கீழ் இருக்கும் யுரேனியத்தில் ஓடும் சிறிய உலை ஆகியவை நிலவுத் தளத்துக்கு எவ்வளவு தேவையோ, அணு மின் உந்துகைக்கும் அவ்வளவு தேவை. நாசா 2005ல் கைவிட்ட புரோமிதியஸ் திட்டம், வியாழனின் நிலவுகளுக்குப் போகும் கலத்துக்காக இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதிதாகச் செய்யப் பார்த்தது. நிலவில் ஓர் உலை சில வருடம் ஓடிக் காட்டினால், அடுத்த முறை அந்தக் கலத்தை வடிவமைப்பவர்களுக்கு அயனி எஞ்சினின் விசையைக் கூட்டுகிற வேலையும் ரேடியேட்டரின் எடையைக் குறைக்கிற வேலையும் மட்டும் மீதி இருக்கும்.